கால்கரி குளியலறை ஹீட்டர்: கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கனடாவின் கால்கரியில் உங்கள் வாடகை வீட்டுக் குளியலறையின் கூரையில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஹீட்டர் ஐந்து நிமிடம் அனல் தந்துவிட்டுப் பிறகு வெறும் காற்றாக வீசுகிறது, சில நாள் காலையில் பிரேக்கரும் (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, போன வாரம் மேலிருந்து தண்ணீர் வேறு சொட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூடியைத் தாராளமாகக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தகரப் பெட்டியையும் வயரையும் தொடாதீர்கள்.

மார்கழிக்கு அம்பாசமுத்திரம் வந்த இடத்தில்தான் உங்கள் கேள்வியைப் படித்தேன். இங்கே குளியலறைச் சுவரின் உச்சியில் ஒரு சிமெண்டு ஜன்னல் இருந்தால் போதும், ஈரம் தானாகக் காய்ந்துவிடும். ஆற்றில் குளிப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆகவே நம்மவர்களுக்கு அந்தக் கூரைப் பெட்டி பழக ஒரு குளிர்காலம் பிடிக்கும்.

அதற்கு வேலை இரண்டு. ஒரு விசிறி ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். இன்னொன்று அறைக்காற்றையே இழுத்து, சூடான கம்பிச்சுருளின் மேல் ஓட்டி, அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை நீங்களே வெளியேற்றுகிறீர்கள். குளிக்கும் முன் கதவைச் சாத்தி ஹீட்டர். குளித்த பின் ஹீட்டரை அணைத்துவிட்டு இருபது நிமிடம் எக்ஸாஸ்ட்.

ஐந்து நிமிடத்தில் அனல் நிற்பதற்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். துவாலையின் பஞ்சு மூடியை அடைத்துக்கொண்டால் காற்று குறையும், கம்பிச்சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். ஆறியதும் தானே மறுபடி சேரும். சுவர் சுவிட்சை மட்டும் நம்பாமல் பிரேக்கரையே அணைத்துவிட்டு மூடியைக் கீழே இழுங்கள். பல மாடல்களில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள்தான் அதைப் பிடித்திருக்கும், அழுத்தினால் கழன்றுவிடும். மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். உள்ளே வாக்குவம் கிளீனரின் பிரஷ் மட்டும் போகட்டும், ஈரத்துணி கூடாது. பருவத்தின் முதல் நாளில் தூசி கருகும் வாடை வருவது சகஜம், சற்று நேரத்தில் போய்விடும். போகாவிட்டாலோ, ஹீட்டரின் விசிறி சுற்றாமல் முனகினாலோ, பிரேக்கரை அணைத்துவிட்டு வீட்டு உரிமையாளரைக் கூப்பிடுங்கள்.

பிரேக்கர் விழுவதற்கு ஊர்க் கணக்கு உதவாது. இங்கே 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். அங்கே மின்சாரம் 120 வோல்ட். 1500 வாட் ஹீட்டரே 12.5 ஆம்பியர் கேட்கும். உங்கள் மனைவி அதே நேரத்தில் ஹேர் டிரையரைப் போட்டால் இன்னும் ஏறக்குறைய அவ்வளவு சேரும். 15 ஆம்பியர் பிரேக்கர் என்ன செய்யும்? விழத்தான் செய்யும். பல தயாரிப்பாளர்கள் இதற்கென்று தனியாக 20 ஆம்பியர் இணைப்பே கேட்கிறார்கள். அதற்காக இருக்கும் பிரேக்கரை மட்டும் பெரிதாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் ஃபியூஸ் கட்டையில் இரண்டு இழை கூடுதலாகச் சுற்றும் கெட்டிக்காரத்தனம்தான் அதுவும். சுவருக்குள் இருக்கும் வயர் 15 ஆம்பியருக்கு உரியது. மரத்தால் கட்டிய வீட்டில் அது சூடாவது விளையாட்டல்ல. ஹீட்டரையும் ஹேர் டிரையரையும் ஒரே நேரத்தில் போடாமல் இருந்தால் சிக்கலே இல்லை.

சொட்டிய தண்ணீரைப் பார்த்ததும் கூரை ஒழுகுகிறது என்று பயந்திருப்பீர்கள். ஆனால் ஈரக்காற்றை வெளியேற்றும் அந்தக் குழாய் உறைகுளிர் நிறைந்த பரண் வழியாகப் போகிறது. குழாயைச் சுற்றி வெப்பம் காக்கும் உறை இல்லாவிட்டால் நீராவி உள்ளேயே படிந்து பனியாகிவிடும். பிறகு ஒருநாள் மலைப்பக்கத்திலிருந்து சினூக் என்னும் வெதுவெதுப்பான காற்று அடித்துச் சில மணி நேரத்தில் பனி உருகும் அளவுக்குச் சூடானதும், அது உருகி உங்கள் தலையில் விழும். சொட்டியது அப்படிப்பட்ட நாளா என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு ஒற்றை அடுக்கு டிஷ்யூ காகிதத்தை மூடியில் வைத்தும் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இழுப்பு சரி. விழுந்தால் குழாயில் பனியோ பறவைக் கூடோ அடைத்திருக்கலாம், அல்லது காற்று திரும்பி வராமல் தடுக்கும் தகரமடல் சிக்கியிருக்கலாம்.

குழாய் வேலையும் வயர் வேலையும் உங்களுடையவை அல்ல. நம் ஊரில் குடியிருப்பவரே குழாய் மாற்றி, வெள்ளையும் அடித்துவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சப்படுவார். அங்கே வீட்டோடு பொருத்திக் கொடுத்த சாதனத்தைச் சரிசெய்வது பொதுவாக உரிமையாளரின் கடமை; கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தொலைபேசியில் சொல்லிவிட்டு விடாமல் மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். சொட்டிய தேதி, அதன் படம், பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் மாடல் எண், டிஷ்யூ நின்றதா விழுந்ததா என்பதையும் எழுதுங்கள். வருகிற எலக்ட்ரீசியன் சரியான உதிரிப்பாகத்தோடு வருவார்.