ஹார்ட் டிஸ்க் ஃபார்மட் கேட்கிறதா? கையை எடுங்கள்

கேள்வி: லேப்டாப்பில் இடம் பற்றாமல் குடும்பப் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். இப்போது அதைச் சொருகினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. ஃபார்மட் பண்ணிவிட்டு சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? பேக்கப் எடுத்து வைத்தும் ஏன் இப்படி?

பதில்: கொடுக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். டிஸ்க்கில் இருப்பதைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. அதை நேராகச் சொல்லித் தொலைக்காமல், அழிக்கிற பொத்தானை எடுத்து முன்னால் நீட்டுகிறது. இத்தனை வருஷமாகியும் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

வேறு கேபிள், வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். கேபிள் போனதற்கு டிஸ்க்கைக் குறை சொல்பவர்கள் நிறைய. இன்னொரு சங்கதியும் உண்டு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: அந்த டிஸ்க்கை யாராவது மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மட் செய்திருந்தால், அது முழு ஆரோக்கியமாக இருந்தாலும் விண்டோஸ் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். மேக் வைத்திருக்கும் மருமகனோ தோழியோ ஒரு தடவை வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார்களா என்று யோசியுங்கள். அப்படியானால் அதே வகைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள், டிஸ்க் திறக்கக்கூடும், ஒரு பைசா செலவில்லை. ஆனால் உங்கள் படங்களை வைத்த பிறகு அவர்கள் ஃபார்மட் செய்திருந்தால் படங்கள் அங்கே தெரியாது, மீட்கத்தான் வேண்டும்.

‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் எதையும் முயலாதீர்கள். உள்ளே தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கும் முனையான ஹெட் பழுதாகியிருக்கலாம், ஒவ்வொரு தடவை சொருகும்போதும் அது தட்டைச் சுரண்டக்கூடும். தூசி புகாத கிளீன் ரூம் உள்ள டேட்டா மீட்பு லேப்தான் அதற்கு வழி. கவுன்டரிலேயே ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பிப்பவரிடமிருந்து டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சத்தம் இல்லையென்றால், டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது அச்சு அசலான முழு நகலாக எடுத்து, அந்த இமேஜிலிருந்து மீட்க வேண்டும். அதற்கான சாஃப்ட்வேர்களான டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக் மீட்கும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது, ஃபோல்டர் இருக்காது, வெறும் எண்கள்தான். ஆனால் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிவாகி இருப்பதால் வரிசைப்படுத்திவிடலாம்.

கடைகளில் என்ன நடக்கிறது என்றால், மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கிலேயே எழுதுவார்கள், மீதி இருந்ததும் அதோடு போகும். இல்லாவிட்டால் ‘செக் டிஸ்க்’ ஓட்டிவிடுவார்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்கிற கருவி, உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. விரைவு ஃபார்மட் ஆகியிருந்தாலாவது ஹார்ட் டிஸ்க்கில் உள்ளடக்கம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் என்றால் பூஜ்யங்களை எழுதித் துடைத்துவிடுகிறது, அப்புறம் எந்த மேதையாலும் முடியாது. ‘பழைய டிஸ்க் எதுக்கு சார், இங்கயே இருக்கட்டும்’ என்பவரை நம்பவே நம்பாதீர்கள். மீட்ட ஃபைல்களின் பட்டியலைப் பார்த்து, நாலைந்தைத் திறந்து காட்டச் சொல்லி, அப்புறம் பணம் கொடுங்கள். நல்ல லேப் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது.

பேக்கப் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பேக்கப் எடுக்கவில்லை, இருந்த ஒரே பிரதியை இடம் மாற்றியிருக்கிறீர்கள். ஒரே ஃபைல் இரண்டு தனித்தனி இடங்களிலாவது இருந்தால்தான் அது பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ‘பேக்கப்’ என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அது நடைமுறையில் சிங்க், இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு. லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழியும், தனிநபர் கணக்கில் 30 நாள் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும், அவ்வளவுதான். இதற்கு பேக்கப் என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது!

இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி காப்பி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். சொருகியே வைத்திருந்தால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வரும் அன்றைக்கு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். அவ்வப்போது வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, ஒரு பெரிய வீடியோவைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஃபைல் பெயர் தெரிவதால் மட்டும் உள்ளே படம் இருக்கிறது என்று அர்த்தமில்லை.