கோணல் கட்டம், திட்டுச் சாயம்: எதைப் பிரிப்பது, எதை விடுவது?

கைவேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய பருத்திச் சேலைகளைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறேன். பட்டைகள் கோணலாக வருகின்றன. அதுவும் ஓர் அழகுதான் என்று விட்டால், முடித்த பிறகு போர்வையின் ஓரம் அலை அலையாக எழும்பி நிற்கிறது. (வாசகி, ஈரோடு)

கோணலை விடுங்கள், அலையை விடாதீர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளில் அளவெடுத்தாற்போன்ற நேர்க்கோட்டைப் பார்ப்பதே அரிது. அவை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின. 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. எனவே கோணலுக்காக ஒரு தையலைக்கூடப் பிரிக்க வேண்டாம்.

அலைக்குக் காரணம் வேறு. கோணலாக வெட்டும்போது ஓரம் கிராஸில் வந்துவிடுகிறது. பாவுக்கும் (நெடுக்கிழை) ஊடைக்கும் (குறுக்கிழை) மூலைவாட்டில் போகும் அந்த ஓரம் தையல் மிஷினின் பல்லில் இழுபட்டு நீளும். நைந்த சேலைத் துணி இன்னும் அதிகமாக நீளும். வெட்டும் முன்பே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பட்டை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த பட்டையோடு இணையும் ஓரத்தை அளவுகோல் வைத்து நேராக வெட்டிக்கொள்ளுங்கள். வளைந்த ஓரத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் தொப்பை விழும். தையலுக்கு விடும் ஓரம் புதுத் துணிக்குக் கால் அங்குலம் போதும். பழைய சேலை நூல் பிரியும் என்பதால் ஒரு செ.மீ. விடுங்கள்.

சுற்றுக்கரையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போர்வையின் விளிம்பை அளந்து கரைத்துணியை வெட்டாதீர்கள். விளிம்பு ஏற்கெனவே நீண்டிருக்கும். போர்வையின் நடுவில் அளந்து, அந்த நீளத்துக்குக் கரையை வெட்டி, விளிம்பை அதற்குள் அடக்கித் தையுங்கள். இப்போது அலைந்து நிற்கும் போர்வைக்கு: கரையைப் பிரித்துவிட்டு, விளிம்பில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து நடு அளவுக்குச் சுருக்குங்கள். ஈரத்துணி விரித்து இஸ்திரி வைத்தால் சுருக்கம் அமரும். மீட்டருக்கு இரண்டு செ.மீ. கூடுதல் என்றால் இது பலிக்கும். அதற்கு மேல் போனால் விளிம்பிலிருக்கும் பட்டைகளையே பிரித்துத் தைக்க வேண்டும்.

“கடவுள் மட்டுமே குறையற்றவர்” என்பதால் அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் போர்வையில் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாகத் தைப்பார்களாமே? நானும் செய்யலாமா? (வாசகி, புதுச்சேரி)

கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. ஒட்டுப்போர்வை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதைப் பிற்காலக் கட்டுக்கதை என்றே சொல்கிறார்கள். கையால் செய்யும் வேலையில் தப்பு அழைக்காமலே வரும். வரவழைத்த தப்பு வரவழைத்தது போலவே தெரியும். வேண்டுமென்றே எதையாவது தளர்த்த ஆசை என்றால் நீலகிரித் தோடர்களின் பூத்தையலைப் பாருங்கள். இழைகளை எண்ணி எண்ணித்தான் போடுகிறார்கள். ஆனால் நூலை இறுக்கி இழுக்காமல் சின்னக் கண்ணியாகத் தூக்கி விடுவதால் வேலை புடைத்து நிற்கிறது.

மஞ்சிட்டியில் (சிவப்புச் சாயம் தரும் வேர்) சாயம் ஏற்றிய பருத்தித் துணி திட்டுத் திட்டாக இருக்கிறது. சில இடங்களில் கரும்புள்ளிகளும் உண்டு. (வாசகர், திருப்பூர்)

கரும்புள்ளி இரும்பால் வந்தது. சாயத்துக்கு முன் துணியை ஊறவைக்கும் கடுக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கறுக்கும். துருப்பிடித்த வாளி, ஆணி, குழாய்த் தண்ணீர் எதுவும் காரணமாக இருக்கலாம். (கலம்காரியின் கறுப்புக் கோடே இந்தச் சேர்க்கைதான்: இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைக் கடுக்காய்த் துணியில் தீட்டுகிறார்கள்.)

திட்டுக்கு முதல் காரணம் துணியில் மிஞ்சியிருக்கும் கஞ்சியும் மெழுகும். 100 கிராம் துணிக்குச் சலவைச் சோடா 4 கிராம், கொஞ்சம் சோப்பு சேர்த்து ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். அலசிக் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். பிறகு கடுக்காய்த் தூள் 20 கிராம் கலந்த நீரிலும், அடுத்து வெந்நீரில் முழுக்கக் கரைத்த படிகாரம் 15 கிராமிலும் துணியை ஊறவையுங்கள். படிகார ஈரத்தோடு கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பில் கோடு விழும்; விரித்துக் காயவையுங்கள். சாயத்தொட்டியில் 100 கிராமுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், முதல் 20 நிமிடம் கை ஓயாமல் கிளற வேண்டும். மஞ்சிட்டியைக் கொதிக்க விட்டால் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கும்.

இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்ற: 100 கிராம் துணிக்கு அன்னபேதி (இரும்பு உப்பு) 2 கிராமை நிறையத் தண்ணீரில் கரைத்து, துணியைப் பத்து நிமிடம் முக்கி எடுத்து நன்றாக அலசுங்கள். சிவப்பு மங்கிக் கறுத்த ஊதாப் பக்கம் திரும்பும். புள்ளிகள் அதில் கரைந்துபோகும், திட்டு மேகம்போல் தெரியும். எனக்கு அந்த நிறமே பிடிக்கும். அன்னபேதியைக் கூட்டாதீர்கள், இரும்பு மிகுந்தால் பருத்தி இற்றுவிடும்.

சுங்குடிச் சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் இல்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, சென்னை)

இல்லை. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றினால் புள்ளி அப்படித்தான் வரும். எல்லாம் அச்சடித்ததுபோல் ஒரே அளவில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சட்டை முழங்கையில் ஓட்டை. ஒட்டியது தெரியும்படி வேறு நிற நூலால் தைக்க நினைக்கிறேன். முன்பு தைத்தது சுற்றிலும் சுருங்கிக் கிழிந்தது. (வாசகர், நாகர்கோவில்)

நிறம் உங்கள் இஷ்டம், கோடு வளைந்தாலும் பாதகமில்லை. நூலின் கனத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அது துணியின் இழையைவிடத் தடித்தால் சுற்றியுள்ள நைந்த துணியை அறுத்துவிடும். ஆறிழை எம்ப்ராய்டரி நூலில் ஒன்றோ இரண்டோ இழை போதும்; 45 செ.மீ. நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள், பிசிறும். ஓட்டைக்கு அடியில் குண்டு பல்பையோ டம்ளரின் அடியையோ வைத்து, ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் நல்ல துணிக்குள் ஒன்றரை செ.மீ. போய் நெடுக்கு இழைகளை ஓட்டுங்கள். பிறகு குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழாகப் பின்னுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மி.மீ. கண்ணியைத் தளர விடுங்கள். புது நூல் முதல் சலவையில் சுருங்கும். போனமுறை சுற்றிலும் இழுத்துக் கிழித்தது அதுதான். முடிச்சுப் போடாமல் நூல் முனையைப் பின்புறம் நான்கைந்து தையலுக்குள் நுழைத்து வெட்டுங்கள். சிவப்பு, கருநீல நூல் என்றால் முதலிலேயே வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.