எது பாண்ட்?

கேள்வி: என் மகன் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து பாண்ட் தொடங்கியிருக்கிறான். "கோயில் மேளக்காரரும் ஐந்தாறு பேர்தானே, அவர்களை ஏன் பாண்ட் என்று சொல்வதில்லை?" என்று என் மாமனார் கேட்கிறார். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் அணிவகுத்துப் போவதும் பாண்ட், கல்யாண மண்டபத்தில் பாடுவதும் பாண்ட். எதைத்தான் பாண்ட் என்பது?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: உங்கள் மாமனார் கேட்டதை நானும் இருபது வயதில் என் அப்பாவிடம் கேட்டேன். அப்பா பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக்களில் மேளத்துக்குத் தாளம் போட்டவர். "நடந்துகொண்டு வாசித்தால் பாண்ட்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதி சரியாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது.

இசையில் பாண்ட் என்பது முதலில் பட்டாளத்துச் சொல். ஆங்கிலத்தில் அதற்குச் சும்மா ஒரு கூட்டம் என்றுதான் பொருள். 17ஆம் நூற்றாண்டில்தான் படையணியோடும் அரண்மனையோடும் இருந்த வாத்தியக்காரரை அப்படி அழைக்கத் தொடங்கினார்கள். படையோடு நடக்க வேண்டும், திறந்த வெளியில் கேட்க வேண்டும். அதனால் ஊதுகிற வாத்தியமும் அடிக்கிற வாத்தியமும்தான். உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வயலின் மாதிரியான செலோவைத் தூக்கிக்கொண்டு யாரும் அணிவகுப்பில் போக முடியாது. டச்சு பே கடற்கரையில் நின்று வயலின் வாசித்துப் பாருங்கள், காற்று அதைத் தின்றுவிடும். ட்ரம்பெற் அப்படியில்லை. பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அவர்கள் காலத்து அணிவகுப்பு பாண்ட் நம் பாடசாலைகளில் தங்கிவிட்டது.

இந்தக் கணக்கில் மாமனார் சொல்வது நியாயம். சுவாமிக்கு முன்னால் நடந்துகொண்டு ஊதி அடிக்கிற நாதஸ்வர, தவில் மேளம் பாண்டுக்கு மிக நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டும் இருந்திருக்கின்றன. வெள்ளைக்காரரின் பாண்ட் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியம் என்று ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் இருக்கின்றன. அப்பா காலத்து நாதஸ்வரக்காரர்களும் புறப்பாட்டில் 'இங்கிலீஷ் நோட்டு' வாசிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம்.

ஆனால் உங்கள் மகன் சொல்கிற பாண்ட் வேறு. அது வீதியில் நடக்கிறதில்லை. அதை அடையாளம் காண நான் ஒன்றுதான் கேட்பேன்: ஒருவர் வராவிட்டால் என்ன நடக்கும்?

மேளத்தில் நாதஸ்வர வித்துவான்தான் தலை. நோட்டீசில் அவர் பெயர்தான் முதலில் இருக்கும். தவில்காரர் வரவில்லையென்றால் இன்னொருவரை அழைப்பார்கள், அவரும் ராகமும் தாளமும் தெரிந்தவர், அன்றைக்கே சேர்ந்து வாசிப்பார். வாய்ப்பாட்டுக் கச்சேரியும் அப்படித்தான்: பாடகர் ஒருவர், மற்றவர்கள் பக்கவாத்தியம். இதில் குறை ஒன்றும் இல்லை. யாரோடும் உட்கார்ந்து வாசிக்கிற அந்தப் பயிற்சி பெரிய பயிற்சி.

பாண்டில் என்ன நடக்கும் என்பதை 2003இல் பட்டுத் தெரிந்துகொண்டேன். யுத்த நிறுத்தக் காலம், இரவு நிகழ்ச்சிகள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் ஐந்து பேர், நான் பேஸ் கிற்றார். டிரம்ஸ் வாசித்தவன் கிண்ணியாப் பொடியன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள், அதுவரை துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகுதான் ஓடியது. கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு அவன் தவறவிட்டுவிட்டான்.

மேடை ஏற அரை மணித்தியாலம் இருந்தது. மாலைப் பூசைக்கு வாசித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தவில்காரர் ஒருவர், அப்பாவுக்குத் தெரிந்தவர், "தம்பி, நான் இருக்கட்டா?" என்றார். கழற்றி வைத்திருந்த விரற்கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். தவிலின் வலப்பக்கமான வலந்தலையை ஒருமுறை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பாட்டுத் தொடங்கியதும் வழக்கம்போல பேஸ் டிரம் விழுகிற இடத்தில் நான் கம்பியைத் தட்டினேன். அந்த இடத்தில் அவர் இல்லை. நாலு நாலாகப் போன பாட்டை மூன்று மூன்றாக, திஸ்ரத்தில் மடக்கி, தீர்மானம் என்கிற முடிப்பு ஒன்றை வைத்து, தாளம் தொடங்குகிற சமத்தில் வந்து இறங்கினார். சனம் எழும்பிக் கை தட்டியது. தட்டத்தான் வேண்டும், அப்படி வாசித்தார். ஆனால் அன்றிரவு நாங்கள் நாலு பேரும் அவருக்குப் பக்கவாத்தியம்தான்.

அடுத்த பயிற்சிக்கு எங்கள் பொடியன் வந்தான். அவன் ஸ்நேர் டிரம்மை ஒரு மயிரிழை பிந்தித்தான் அடிப்பான். இரண்டு வருடத்தில் என் விரல் அதற்குப் பழகிப்போயிருந்தது, எனக்கே அது தெரியாது. அவன் இல்லாத அன்றுதான் தெரிந்தது. உங்கள் மகனும் நண்பர்களும் ஒரு அறைக்குள் திரும்பத் திரும்ப ஒரே பாட்டை வாசித்து உங்கள் காதைத் துளைக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கம்தான் உண்டாகிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியத்தை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பாலையூற்றுப் பறங்கியர் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் றபான் என்கிற கைமேளமும் வைத்து வாசிக்கிறார்கள். அதில் பித்தளையும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஆனால் அது அவர்களுக்குள்ளேயே கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கூட்டம். நான் அதைத் தயங்காமல் பாண்ட் என்பேன்.

இன்னொன்று, சொந்தப் பாட்டு. சினிமாப் பாட்டை அச்சொட்டாகப் பாடுகிற மெல்லிசைக் குழுவில் ஆள் மாறினாலும் பாட்டு மாறாது, மாறக் கூடாது. 1970களின் பொப்பிசைக் காலத்தில் இந்த ஊரிலிருந்து புறப்பட்ட பரமேஸ், கோணேஸ் இருவரும் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள். மகனை ஒரு பாட்டாவது சொந்தமாகக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பாண்டுக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் ஆள் எண்ணிக்கைதான் வித்தியாசமா?
— வாசகர், உவர்மலை

பதில்: இல்லை. ஐம்பது அறுபது பேர் உள்ள பாண்டும் உண்டு. ஓர்கெஸ்ட்ராவின் முதுகெலும்பு வில் போட்டு வாசிக்கிற நரம்பு வாத்தியங்கள். முதல் வயலின் என்று பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரே வரியை வாசிப்பார்கள். ஜாஸ் பிக் பாண்டில் ஏறத்தாழ பதினேழு பேர் இருந்தாலும் ஆளுக்கு ஒரு வரி. நால்வர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டிலும் ஆளுக்கு ஒரு வரிதான். அதை யாரும் பாண்ட் என்பதில்லை, அது சபையிலே வளர்ந்த இசை. பெயர்கள் எப்போதும் ஒரே விதிக்குள் நிற்பதில்லை.

கேள்வி: சாக்ஸபோன் பித்தளையில் செய்ததுதானே, ஏன் பிராஸ் பாண்டில் இல்லை?
— மாணவன், மூதூர்

பதில்: தம்பி, உலோகத்தைப் பார்க்காதே, சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார். ட்ரம்பெற்றில் உதடு துடித்துச் சத்தம் வருகிறது. சாக்ஸபோனில் ஊதுவாயோடு கட்டிய ஒற்றை நாணல் துடிக்கிறது. அதனால் அது கிளாரினெற் வீட்டுப் பிள்ளை. பெல்ஜியக்காரரான அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் அதற்குக் காப்புரிமை பெற்றார், இராணுவ பாண்டுகள் அதை உடனே எடுத்துக்கொண்டன. பிரித்தானிய முறைப் பிராஸ் பாண்டில் அதற்கு இடமில்லை, அங்கே ட்ரம்பெற்கூட இல்லை, அதைப் போன்ற கோர்னெற்தான். நாதஸ்வரத்திலும் நாணல்தான், ஆனால் இரட்டை. அடுத்த திருவிழாவில் சுவாமி இருப்புக்கு வந்த பிறகு வித்துவானுக்குக் கிட்டப் போய்ப் பார். நாதஸ்வரத்தில் நூலில் கட்டி மாற்றுச் சீவாளிகள், அதாவது அந்த நாணல்கள், தொங்கும். மரியாதையாகக் கேட்டால் ஒன்றைக் கையில் தருவார்.