அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து வை

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. கணவர் இரண்டாம் நிலைக் காவலர். பயிற்சி முடித்து மாவட்ட ஆயுதப்படையில் இருக்கிறார். "ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்பார். நடுராத்திரி வருவார், சில சமயம் மறுநாள்தான். பகலில் அவர் தூங்கினால் மாமியார் என்னைத்தான் பேசுகிறார். "வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டாமே, கேளுங்களேன்" என்றால் கத்துகிறார். விசேஷ வீடுகளுக்கெல்லாம் தனியாகவே போகிறேன். இது மாறுமா?
— பெயர் வேண்டாம், செஞ்சி பக்கம்

பதில்:

மகளே, நானும் போலீஸ் லைன் வீட்டில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள்தான். என் வீட்டுக்காரர் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஆகி ஓய்வு பெற்றார். இப்போதைக்கு மாறாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கத்துவதைப் பற்றி. இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஏட்டு வரை வார ஓய்வு என்று 2021 நவம்பரில் அரசாணையே வந்தது. நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற ரோல்காலில், வரிசையிலேயே ஜூனியரான பையன் வாய் திறந்து, "ஐயா, இன்னிக்கு எனக்கு ஓய்வு நாள்" என்று சொல்வதை நினைத்துப் பார். பந்தோபஸ்து வந்துவிட்டால் ஓய்வு தள்ளிப்போகும். கேட்க முடியவில்லையே என்ற குமைச்சல் அவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நீ கேட்கும்போது அது வெளியே வருகிறது. அதற்காகக் கத்தலாமா என்றால், கூடாது. இந்த பதிலை அவரிடமே படிக்கக் கொடு.

ஸ்டேஷன்காரருக்காவது தன் ஏரியா எது என்று தெரியும். ஆயுதப்படைக்காரருக்கு நாளைக்கு எங்கே நிற்போம் என்பது இன்று சாயங்காலம் வரைக்கும் தெரியாது. கைதி வழிக்காவல், அமைச்சர் வருகை, திருவிழா என்று எதுவாகவும் இருக்கலாம். கார்டு டூட்டியில் இரண்டு மணி நேரம் பாரா, அதாவது காவல், நின்றால் நாலு மணி நேரம் ஓய்வு என்பார்கள். அந்த ஓய்வும் அங்கேயேதான். பாராவில் நிற்கிறவர் போனை எடுக்க மாட்டார். ஆகவே "ஏழு மணி" என்பது உன் முகம் வாடக் கூடாதே என்று சொல்கிற பொய். இனி மணிக்கணக்கே சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடு. டூட்டி முடிந்ததும் "கிளம்பிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போதும். அதன்பிறகு அடுப்பைப் பற்றவை. என் காலத்தில் பக்கத்து வீட்டு ஏட்டு வந்து சொன்னால்தான் என் வீட்டுக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியும்.

அடுத்து, உன் வீட்டு நாள்காட்டியைக் கையில் எடு. உங்கள் பக்கத்தில் பாதி டூட்டி அதிலேயே அச்சாகி இருக்கிறது. அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். கார்த்திகையில் மகாதீபம், சித்திரைப் பௌர்ணமியில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா, ஆவணியில் பிள்ளையார் ஊர்வலம். தெற்கே ஆள் குறைந்தால் செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடி, அக்டோபர் கடைசியில் தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன் என்று பஸ் ஏற்றிவிடுவார்கள். இந்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வை. அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள். தீபாவளியை நாங்கள் பல வருஷம் நாலு நாள் கழித்துத்தான் கொண்டாடினோம். பிள்ளைகளுக்கு இரண்டு முறை பலகாரம் கிடைத்தது, புகாரே இல்லை.

பகல் தூக்கம் சோம்பேறித்தனம் இல்லை என்று மாமியாரிடம் மகன்தான் சொல்ல வேண்டும், நீ இல்லை. இரவு முழுக்க நின்றவர் தூங்காமல் மறுபடி பைக் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொல்லட்டும். நீ ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி கட்டு. வாசல் மணியை நிறுத்தி வை. விடிகாலை நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம் என்று சொல். டீ குடித்துவிட்டு வந்தால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே கிடப்பார்.

விசேஷத்துக்குத் தனியாகப் போவது பழகிவிடும். போகிற இடத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான்.

முதல் கல்யாண நாள் வருகிறது, இல்லையா? பிறந்த நாளுக்கும் கல்யாண நாளுக்கும் காவலர்களுக்கு விடுப்பு கொடுக்கச் சொல்லி 2021-இல் டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். வாயால் கேட்கக் கூசுகிறவர் எழுதிக் கொடுக்கலாமே. ஒரு மாதம் முன்னாலேயே மனு போடச் சொல். அதற்கு முன்னால், அன்றைக்கு அமாவாசையா என்று ஒரு தடவை பார்த்துவிடு.