ஈரலில் தழும்பு போடும் செல்: சில கேள்விகள், பதில்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபைப்ரோசிஸ், அதாவது ஈரலில் நார்த் தழும்பு, என்று வந்திருக்கிறது. ஈரலுக்குள் இந்த நாரைக் கொண்டுவந்து போடுவது எது?

பெரும்பாலும் ஸ்டெல்லேட் செல். ஈரல் செல்களுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும் நடுவே டிஸ்ஸே இடைவெளி என்று ஒரு மெல்லிய சந்து உண்டு, அதில் கைகளை நீட்டிக் குழாயைச் சுற்றி அணைத்தபடி இது உட்கார்ந்திருக்கும். ஈரலில் உள்ள செல்களில் 5 முதல் 8 சதவீதம்தான் இந்த வகை. நல்ல ஈரலில் இதன் முக்கிய வேலை வைட்டமின் ஏ-வைச் சேமிப்பது, உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி இதற்குள் கொழுப்புத் துளிகளாகக் கிடக்கிறது. புறஊதா ஒளியில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் துளிகள் நீலப்பச்சையாக ஒளிர்ந்து சட்டென்று மங்கிப்போகும்.

வைரஸோ மதுவோ கொழுப்போ ஈரல் செல்களைச் சாகடிக்க ஆரம்பித்ததும் பக்கத்து செல்களிலிருந்து டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் வருகின்றன. உடனே இது துளிகளை இழக்கிறது, தசை செல்லைப் போலச் சுருங்கும் புரதத்தை உண்டாக்கிக்கொள்கிறது, பெருகுகிறது, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை இழைத்துப் போடுகிறது. எலிகளில் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நார் உண்டாக்கும் செல்களில் 82 முதல் 96 சதவீதம் ஸ்டெல்லேட் செல்லிலிருந்து வந்தவை என்று தெரிந்தது.

அப்படியானால் அது கெட்ட செல்லா?

இல்லை. காயத்தை ஆற்றத்தான் அது நார் போடுகிறது. ஹெபடைடிஸ் ஏ மாதிரி வந்து போகும் நோயில், காயம் நின்றதும் போட்ட நார் கரைந்துவிடும். தினமும் காயம் பட்டுக்கொண்டே இருந்தால்தான் சிக்கல். அப்போது இந்த செல் நார் போடுவதோடு நிற்காமல், நாரைக் கரைக்கும் என்சைம்களைத் தடுக்கும் டிம்ப்-1 என்ற புரதத்தையும் சுரக்கிறது. சுற்றியிருக்கும் குழாயையும் நெரிப்பதால் குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. சிரோசிஸ் (தழும்பு முற்றி ஈரல் இறுகிப்போன நிலை) நோயாளிகளுக்கு வயிற்றில் நீர் கோர்ப்பதற்கும் ரத்த வாந்தி வருவதற்கும் பின்னால் இந்த அழுத்தம் இருக்கிறது.

வைட்டமின் ஏ-வை இழப்பதுதான் பிரச்சினை என்றால் மாத்திரை போட்டு நிரப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் அதுவே ஈரலில் நார் உண்டாக்கும். கீரை, கேரட் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் பயமில்லை.

வந்த ஃபைப்ரோசிஸ் திரும்பிப் போகுமா? "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள்.

இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு மருந்தையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: போகும், காரணத்தை நிறுத்தினால். ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் என்ற வைரஸ் மருந்து எடுத்தவர்களுக்கு 5 ஆண்டுகள் கழித்து மறுபடி பயாப்ஸி செய்து பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. அதில் ஆரம்பத்தில் சிரோசிஸ் இருந்தவர்கள் 96 பேர், 5 ஆண்டு முடிவில் அவர்களில் 71 பேருக்கு சிரோசிஸ் இல்லை.

ஆனால் ஒன்று. காயத்தால் கிளர்ந்து நார் போட்ட ஸ்டெல்லேட் செல்களில், காயம் நின்ற பிறகு ஒரு பகுதி செத்துவிடுகிறது, சுமார் பாதி அமைதிக்குத் திரும்புகிறது என்று 2012-இல் எலி ஆய்வுகள் காட்டின, அப்படித் திரும்பியவை முழுக்கப் பழையபடி ஆவதில்லை, மறுபடி காயம் பட்டால் முன்பைவிட வேகமாகக் கிளர்கின்றன. குடியை விட்டவர் "ஒரு நாள்தானே" என்று மறுபடி தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், பல வருஷமாக இறுகிப்போன தடித்த நார் எளிதில் கரையாது. சிரோசிஸ் வந்தவர்கள் ஈரல் தேறிவிட்டது என்றாலும் புற்றுநோய்க்கான 6 மாத அல்ட்ராசவுண்டை விடக்கூடாது.

இந்த செல்லையே நேராக அடக்கும் மருந்து இருக்கிறதா?

அங்கீகாரம் பெற்றது எதுவும் இல்லை. கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் என்சைமைக் குறிவைத்த சிம்டுசுமாப் சோதனைகளில் பலன் தரவில்லை. ஃபேட்டி லிவரால் வரும் ஃபைப்ரோசிஸுக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோமும் 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடும் அங்கீகாரம் பெற்றன. ஒன்று ஈரல் செல்லின் கொழுப்பைக் குறைக்கிறது, மற்றது எடையையும் சர்க்கரையையும் குறைக்கிறது. இரண்டுமே எஃப்2, எஃப்3 என்ற நடுத்தர, முற்றிய ஃபைப்ரோசிஸ் நிலைகளுக்குத்தான், சிரோசிஸுக்கு இல்லை.

கீழாநெல்லி?

1988-இல் சென்னையில் நடந்த ஆய்வில் ஹெபடைடிஸ் பி சுமப்பவர்களில் கீழாநெல்லி வகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் இருப்பதைக் காட்டும் மேற்புற ஆன்டிஜன் என்ற புரதம் மறைந்ததாகச் சொன்னார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி வைரஸ் மருந்தை நிறுத்தாதீர்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைமான எஸ்ஜிபிடி நார்மல். பயமில்லைதானே?

எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கும்போதே ஃபைப்ரோசிஸ் முற்றியவர்கள் உண்டு. உங்கள் வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு ஈரல் என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்ற கணக்கைப் போடச் சொல்லிக் கேளுங்கள், தனிச் செலவு கிடையாது. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய ஃபைப்ரோசிஸ் இருக்க வாய்ப்பு குறைவு (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வரை). அதற்கு மேலே போனால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள், போவதற்கு முன் 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள், இல்லாவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.