ஸ்போர்ட் மோடு போட்டால் காரின் சக்தி கூடுமா?

ஹூண்டாய் கிரெட்டா என் லைன் (N Line) வாங்கலாம் என்று இருக்கிறீர்கள். ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று மோடு இருக்கிறதே, ஸ்போர்ட்டில் போட்டால் சக்தி கூடுமா, திருநெல்வேலிப் பக்கத்து ரோட்டுக்கு அது தேவைதானா, அடிக்கடி போட்டால் இன்ஜின் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். அதே காரைத்தான் ஓட்டுகிறேன், ஏழு கியர் டிசிடி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கியர்பாக்ஸ். சக்தி கூடாது. 160 பிஎஸ் சக்தி, 253 நியூட்டன் மீட்டர் இழுவை என்பது எந்த மோடில் ஓட்டினாலும் அதேதான். நீங்கள் ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி, அரைவாசி அழுத்தும்போது கார் அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது மட்டும் மாறும். ஆனால் அந்த ஒரு மாற்றத்திலேயே கார் ஓட்டும் சுகம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இப்போதைய கார்களில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து இன்ஜினுக்குக் கேபிள் போவதில்லை. பெடலில் இருக்கும் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியை எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒரே அளவு மிதித்தாலும் ஈக்கோவில் குறைவாகவும் ஸ்போர்ட்டில் அதிகமாகவும் திறக்கும். ஷோரூமிலிருந்து டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் ஸ்போர்ட்டில் லேசாகத் தொட்டதும் கார் பாய்வதைப் பார்த்து சக்தியே கூடிவிட்டது என்று நினைப்பது இதனால்தான்.

என்னைக் கேட்டால் உண்மையான பலன் கியர்பாக்ஸில்தான் இருக்கிறது. புளியரை எஸ் வளைவில் ஏறும்போது இது நன்றாகத் தெரியும். செங்கோட்டை தாண்டினால் கேரளாவுக்குப் போகும் பார லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். நார்மலில் அவற்றின் பின்னால் போகும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கியர்பாக்ஸ் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 1500 பக்கத்தில் நிற்கும். முழு இழுவையும் 1500-லிருந்தே கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுற்றெடுக்க ஒரு கணம் வேண்டும், கியர் இறங்க இன்னொரு கணம் வேண்டும். நேர் ரோடு கொஞ்சம் கிடைத்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்து மிதித்தால், அந்த இரண்டு கணமும் லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கழியும். ஸ்போர்ட்டில் கியரை மேலே ஏற்றாமல் பிடித்து வைத்திருக்கும், டர்போவும் தயாராக இருக்கும். மிதித்ததும் கிளம்பிவிடலாம், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். இறக்கத்திலும் அப்படித்தான். கீழ் கியரிலேயே இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்குக்கு வேலை குறைவு.

சக்தி கூடாது என்றேன், விதிவிலக்கான கார்களும் உண்டு. 2004-05 வாக்கில் வந்த இ60 பிஎம்டபிள்யூ எம்5 காரில் 5 லிட்டர் வி10 இன்ஜின். ஸ்டார்ட் செய்ததும் 400 குதிரைத் திறன்தான் கொடுக்கும், ஒரு பட்டனை அமுக்கினால்தான் முழு 507-ம் வரும். எலெக்ட்ரிக்கில் ஹூண்டாய் அயோனிக் 5 என் (N) இருக்கிறது. 609 பிஎஸ் கொண்ட அந்தக் கார், ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அமுக்கினால் 10 வினாடிக்கு 650 வரை போகும். நம் கைக்கு எட்டும் விலையில் வரும் பெட்ரோல் டர்போக்களில் இந்த மாதிரி எதிர்பார்க்க வேண்டாம்.

சஸ்பென்ஷனும் மாறாது. அது மாற வேண்டுமென்றால் ஷாக் அப்சார்பருக்குள் ஆயில் போகும் வழியை மின்சாரத்தால் சுருக்கி விரிக்கும் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத் துகள் கலந்த ஆயிலைக் காந்தத்தால் கெட்டியாக்கும் முறை வேண்டும். இரண்டுமே விலை கூடிய கார்களில்தான் வரும். அதனால் வேகத்தடையில் விழும் அடி மூன்று மோடிலும் ஒன்றுதான். டயரின் பிடிப்பும் பிரேக்கும் அதே மாதிரிதான், வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழையலாம் என்பதை எந்தப் பட்டனும் மாற்றாது. ஸ்போர்ட்டில் போட்டுவிட்டோம், இனி வளைவில் கூடுதல் வேகத்தில் போகலாம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

நம்ம ஊர் ரோட்டுக்கு வருவோம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் நாலுவழிச் சாலைக்கு நார்மலே போதும், ஏசி போட்டுச் சீராகப் போகிறீர்கள் என்றால் ஈக்கோவும் சரிதான். தென்காசி ரோட்டில் ஒருமுறை ஸ்போர்ட்டிலேயே ஆலங்குளம் பஜாருக்குள் நுழைந்தேன். பின்னால் இருந்த அம்மா, "ஏலே, ஏன் இப்படி வெட்டி வெட்டிப் போகுது?" என்றாள். கூட்டத்துக்குள் மெதுவாக நகரும்போது காலின் சின்ன அசைவுகூடக் குலுக்கலாகத்தான் பின் சீட்டுக்குப் போகும். வயதானவர்கள் இருந்தால் ஊருக்குள் நார்மலில்தான் ஓட்ட வேண்டும்.

அப்புறம், குற்றாலச் சாரல் நேரம். நனைந்த ரோட்டில் ஸ்போர்ட் வேண்டவே வேண்டாம். லேசாக மிதித்தாலும் அதிகம் திறப்பதால் முன் சக்கரம் வழுக்கும். இந்தக் காரில் ஸ்னோ, மட், சாண்ட் என்று வேறு மூன்று மோடும் உண்டு. நம்ம பக்கம் பனியே கிடையாது என்று ஸ்னோவை யாரும் தொடுவதில்லை. பிடிப்பு குறைந்த இடத்தில் இன்ஜின் இழுவையை மென்மையாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாசி படிந்த ஈர மேட்டில் நின்று கிளம்பும்போது போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இன்ஜின் கெடாது. கம்பெனி வைத்த எல்லைக்குள்தான் ஸ்போர்ட்டும் இயங்குகிறது, ஓடும்போதே மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் சூடாகும் வரை மட்டும் ஸ்போர்ட்டில் போட்டு முறுக்காதீர்கள். மைலேஜ் குறையும், முள் எப்போதும் மேலேயே நிற்பதால் அதைத் தவிர்க்க முடியாது. டிசிடிக்கு ஆகாதது மோடு இல்லை, வண்ணார்பேட்டை நெரிசலில் பிரேக்கை அரைகுறையாக விட்டு விட்டு ஊர்வதுதான். அப்படிச் செய்தால் எந்த மோடில் இருந்தாலும் கிளட்ச் சூடேறும். முன்னால் நல்ல இடைவெளி விழும்வரை நின்று, பிறகு ஒரேயடியாக நகருங்கள்.