மார்பை எடுத்த பிறகும் கரண்ட் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 59 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பை முழுதாக எடுத்து, கீமோவும் முடிந்துவிட்டது. இப்போது 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்கிறார்கள். எடுத்த இடத்தில் எதற்கு கரண்ட்? இதயம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார் எதிர்வீட்டு அக்கா. என் எட்டு மாதக் குழந்தையை அம்மா தூக்கலாமா?

– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய பயாப்சி ரிப்போர்ட்டில்தான் விடை இருக்கிறது. அக்குளில் எடுத்த 16 நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) 5-இல் புற்று இருந்திருக்கிறது. நாலும் அதற்கு மேலும் என்றால் நாங்கள் யோசிப்பதே இல்லை, கதிர்வீச்சு வேண்டும். மார்பு போனாலும் தோல், நெஞ்சுச் சுவர், காறையெலும்பு ஓரத்து நெறிகள் அங்கேயேதான் இருக்கின்றன. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் தங்குவது அங்கேதான். கட்டி சின்னதாக இருந்து, ஒன்றிலிருந்து மூன்று நெறிகளில் மட்டும் புற்று என்றால் என் பதில் வேறு மாதிரி இருக்கும். அந்த மாதிரியானவர்களையே பெரும்பாலும் சேர்த்து நடந்த சுப்ரிமோ ஆய்வில், நெஞ்சுச் சுவருக்குக் கதிர் கொடுத்ததால் பத்தாண்டு கழித்து உயிரோடு இருப்பவர்களின் விகிதத்தில் வித்தியாசம் வரவில்லை என்று 2025-இல் முடிவு வெளியானது. அதை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குழம்பாதீர்கள். அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டார்.

எதிர்வீட்டு அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. இடப்பக்கம் என்பதால் இதயத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து சற்று விலகும். அந்த நேரத்தில் மட்டும் கதிர் கொடுக்கலாம். அந்த வசதி உங்கள் ஆஸ்பத்திரியில் உண்டா என்று இப்போதே கேளுங்கள். ‘இதயத்துக்கு எவ்வளவு டோஸ் போகிறது?’ என்றும் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேரனோ பேத்தியோ, தாராளமாகத் தூக்கலாம். இது வெளியிலிருந்து வரும் எக்ஸ்ரே. மெஷின் நின்றதும் உடம்பில் எதுவும் தங்காது. ஆபரேஷன் ஆன கைக்குப் பாரம் கொடுக்காமல் வலது இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். கீமோவில் போன முடி இதனால் மறுபடி கொட்டாது.

கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்து இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள். தோல் கறுத்து எரிவது, சிகிச்சை முடிந்த அடுத்த வாரத்தில்தான் அதிகமாகத் தெரியும். பிறகு மெல்ல ஆறும். அதுவரை தளர்வான பருத்தி ஜாக்கெட் போதும். மஞ்சள், எண்ணெய் எதையும் கேட்காமல் தடவ வேண்டாம். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போடும் மார்க்கர் கோடுகளைத் தேய்த்துக் குளித்துவிட வேண்டாம்.